காற்றடைத்த டியூப்பும் குழாய்ச் சாவியும்

இரு பக்கமும் ரயில் தண்டவாளமும் வடக்கே மாஹிம் கழிமுகமும் எல்லையாகக் கொண்ட தாராவி மகா சாம்ராஜ்யத்தில், கோணிய சக்கரத்தை நேராக்குவதிலும் நேரான பேச்சைக் கோணலாக்குவதிலும் இமயம் முதல் குமரி வரை நிகரில்லாதவனும், ஊரெல்லாம் ‘மாமா’ என்று அழைக்க, உலகத்தில் நீ ஒருவன் மட்டும் ‘அப்பா’ என்று அழைக்கும் பேறு பெற்றவனுமாகிய நான், என் சைக்கிள் கடை ஸ்டூல் என்னும் சிங்காசனத்தில் ஏறி அமர்ந்து, புதிதாகத் தொப்பி அணிந்திருக்கும் சப்-இன்ஸ்பெக்டர் மகனுக்கு எழுதும் திருமுகம் இது. மழை பெய்கிறது. கடையில் கூட்டம் இல்லை. உன் அம்மா உள்ளே கருவாடு வறுக்கிறாள். அந்த வாசனையை மட்டும் உறையில் போட்டு அனுப்ப இந்தத் தபால் இலாகாவுக்குத் துப்பில்லை.

உன் கடிதம் வந்தது. தபால்காரர் கையிலிருந்து பறித்து, சந்தின் நடுவில் நின்று, அனைவரும் கேட்க வாசித்தேன். என் குரல் சயானைத் தாண்டிப் போய், சுனாபட்டியில் இரண்டு வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டதாகத் தகவல். ‘கணபதி பண்டிகைக்கு முன்னால் எங்கள் ஸ்டேஷன் எல்லையில் உள்ள பழைய ஆசாமிகளை எல்லாம் பிடித்து உள்ளே வைக்கும் பொறுப்பைப் பெரியவர் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார், பட்டியலை நானே தயார் செய்கிறேன், ஒருவனும் தப்ப மாட்டான்’ என்று நீ எழுதியிருந்த இடம் வந்ததும் சந்தே கை தட்டியது. நானும் தட்டினேன், என் மகன் ஊரைக் காக்கிறான் என்றால் தட்டாமல் இருப்பேனா? குழாயடியில் நின்ற இசக்கி மட்டும் தட்டவில்லை. இடுப்புத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டான். உள்ளே போய் அவன் என்ன செய்தான் என்பதை உன் அம்மா பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான் பேனாவைத் தேடினேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். நடுவில் தூங்கிவிடாதே.

இசக்கியை நீ யார் என்று நினைத்திருக்கிறாய்? மழைக்காலத்தில் ரோட்டில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போது, லாரி டியூப்பின் மேல் பலகையைப் போட்டு, அதன்மேல் உன்னையும் உன் புத்தகப் பையையும் உட்காரவைத்து, மாட்டுங்கா பள்ளிக்கூடம் பக்கம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போன சித்தப்பா. சரிதான். உலகத்தில் எத்தனையோ ராஜகுமாரர்கள் யானைமேல் பள்ளிக்கூடம் போயிருக்கலாம். டியூப்பின் மேல் போன ராஜகுமாரன் நீ ஒருவன்தான். ஆனால் அவன் வருஷத்துக்குச் சில தடவை காணாமல் போவானே, அப்போது உன் அம்மா, “சித்தப்பா ஊருக்குப் போயிருக்காவ” என்று சொல்வாளே, அந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம் இல்லை. நம் போலீஸ் ஸ்டேஷனின் பின்னறை. நீ சின்னப் பையன், உன்னிடம் சொல்லவில்லை; வளர்ந்த பிறகும் சொல்ல மனம் வரவில்லை. இப்போது நீயே ஒரு பின்னறைக்குச் சாவி வைத்திருக்கிறாய், அதனால் சொல்கிறேன்.

அறுபதாம் வருஷத்து மழை. இசக்கி ஊரிலிருந்து வந்து, தோல் மண்டியில் பச்சைத் தோல் சுமக்கும் வேலையில் இருந்தான். அவன் குடிசை சந்திலேயே தாழ்ந்த இடத்தில் இருந்தது. இந்த ஊரில் பெய்யும் மழை முழுவதும் முதலில் அவன் வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுத்தான் கடலுக்குப் போகும். அவன் பெண்டாட்டி செல்லத்தாயும் கைக்குழந்தையும் நனையாமல் படுக்க ஒரு வழி கண்டுபிடித்தான். பழைய லாரி டியூப்பில் காற்றடித்து, மேலே பலகையைக் கட்டி, அதைக் கட்டிலாக்கினான். தண்ணீர் ஏற ஏறக் கட்டிலும் ஏறும். நோவா கப்பல் கட்டிய கதையை உன் பள்ளிக்கூடத்துப் பாதிரியார் சொன்னபோது நான் எழுந்து நின்று, “எங்க சந்துல ஒருத்தன் இதைவிடச் சல்லிசா முடிச்சிட்டான் ஃபாதர்” என்று சொன்னேன். அந்த டியூப் ஒரு நாள் மெல்லக் காற்றிறங்கியது. பஞ்சர் ஒட்ட அதைத் தோளில் மாட்டிக்கொண்டு என் கடைக்கு வந்துகொண்டிருந்தான். நீல அரைக்கால் சட்டையும் மஞ்சள் தொப்பியுமாக இரண்டு போலீஸ் ஹவல்தார்கள் எதிரே வந்தார்கள்.

உனக்குத் தெரியும், மதுவிலக்கு ஊரில் சாராயம் டியூப்பில்தான் பயணம் செய்கிறது. ஆகவே தாராவியில் தோளில் டியூப் போட்டவன் சாராயக்காரன். அது அவர்கள் கணக்கு. “இஸ்மே க்யா ஹை?” என்றார் பெரிய ஹவல்தார், இதில் என்ன என்று. இசக்கிக்கு அப்போது தெரிந்த ஹிந்தியே என் கடையில் பொறுக்கிய ஒரு சொல்தான். “ஹவா, சாப்” என்றான். காற்று ஐயா. அவர் வால்வை அழுத்தி, மூக்கை வைத்துப் பார்த்தார். புஸ்ஸென்று அவர் மீசை பறந்தது. ரப்பர் நாற்றத்தைத் தவிர ஒன்றுமில்லை. நான் கடையிலிருந்து இறங்கிப் போய், உறையிலிருந்து வாளை உருவுவதுபோல் என் ஆங்கிலத்தை உருவினேன். பயன் இல்லை. அன்றைக்குத்தான் எனக்கு ஒரு பெரிய உண்மை விளங்கியது. டியூப்பில் சாராயம் இருந்தால் கடத்துகிறான். இல்லாவிட்டால் கொடுத்துவிட்டுத் திரும்புகிறான். ஓட்டையாக இருந்தால் ஒழுகியது சாராயம். புதிதாக இருந்தால் இனிமேல்தான் கடத்தப்போகிறான். சட்டம் படித்தவனே, இதிலிருந்து அந்த மனிதன் தப்பிக்க ஒரு வழி சொல் பார்ப்போம். நானே சொல்கிறேன், அவன் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் குடியிருந்திருக்க வேண்டும். அதே டியூப்பை மாட்டுங்காவில் ஒரு ஆபீஸ் மாமா தோளில் போட்டுப் போயிருந்தால், ‘சாப் நீச்சல் பழகப் போகிறார்’ என்று ஹவல்தார் குடை பிடித்திருப்பார்.

கூட்டிக்கொண்டு போனார்கள். மறுநாள் விட்டுவிட்டார்கள். வழக்கு இல்லை, சாட்சி இல்லை, கோர்ட் வாசலில் அவன் செருப்பைக் கழற்றக்கூட இல்லை. பெயரைக் கேட்டார்கள், அப்பன் பெயரைக் கேட்டார்கள், பெருவிரலை அமுக்கிக்கொண்டார்கள். ஆள் வெளியே வந்துவிட்டான். பெயர் உள்ளேயே தங்கிவிட்டது.

அதன்பிறகு கணபதி வந்தால் இசக்கி உள்ளே. குடியரசு நாள் வந்தால் உள்ளே. டில்லியிலிருந்து யாராவது பெரிய மனிதர் ரயில் ஏறினார் என்று கேள்விப்பட்டாலே உள்ளே. ஒன்றும் செய்யாதபோதே பிடித்து வைத்துவிட்டால் ஒன்றும் நடக்காது அல்லவா? ஒன்றும் நடக்காததால், பிடித்து வைத்தது சரி என்று ஆகிவிடும். வேலியில் ஓணானைக் கட்டிவைத்துவிட்டு, அதனால்தான் யானை வரவில்லை என்று சொல்வது மாதிரி. தோல் மண்டி மேஸ்திரி நல்லவர்தான், இரண்டு தடவை பொறுத்தார். மூன்றாவது தடவை, “ஏல இசக்கி, போலீசுக்கு ஒம்மேல உள்ள பிரியம் தீந்த பொறவு வா” என்று சொல்லிவிட்டார். அப்புறம் கைவண்டி தள்ளினான். அதுவும் போனது. கடைசியில் எங்கே வேலை கேட்டாலும் முதலில் டியூப்தான் ஞாபகம் வந்தது அவர்களுக்கு.

போலீசை மட்டும் சொல்லிப் பயனில்லை. போலீஸ்காரர் ஒரு தடவை எழுதினார். சந்து தினமும் வாசித்தது. யார் வீட்டில் செம்பு தொலைந்தாலும் முதலில் இசக்கி வீட்டு வாசலில் போய் நின்று இருமுவார்கள். அந்த இருமலுக்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். மளிகைக் கடை அண்ணாச்சி இருக்கிறாரே, நம் ஊர்க்காரர், ஒரே கோயிலில் கும்பிடுகிறவர், இசக்கி தம் கடைக்கு வந்தால் அவர் வெல்லப் பானையின் மூடியைச் சத்தம் கேட்க மூடுவார். அந்தச் சத்தத்தைச் செல்லத்தாய் என்னிடம் சொல்லி அழுதாள். “மாமா, திருடன்னு சொன்னாக்கூட இல்லன்னு சொல்லலாம். மூடியச் சாத்துறவருகிட்ட என்னன்னு சொல்ல?” நீதிபதிகள் பெரிய பெரிய தீர்ப்பு எழுதுகிறார்கள் ராசா, அந்த ஒரு கேள்விக்கு அவர்களிடம் பதில் இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் சாராய முதலாளியின் ஆள் வந்தான். என் கடையில், என் ஸ்டூலில் உட்கார்ந்து, எனக்கு முன்னாலேயே பேசினான். “என்னடே இசக்கி, அடி வாங்குத. உள்ள போற. பேரும் கெட்டாச்சு. எல்லாத்தையும் சும்மா வாங்குதியே, கூலி வாங்கிக்கிட்டு வாங்கலாம்லா?” நான் பம்ப்பை எடுத்து அவனை அடித்து, அவன் பறந்து போய் எலிபண்டா தீவில் விழுந்தான் என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் நான் வாயை மூடிக்கொண்டு ஸ்போக்கை முறுக்கிக்கொண்டிருந்தேன். ஏனென்றால் அவன் சொன்னதில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. பஞ்சர் ஒட்டுகிறவனுக்கே ஓட்டை தெரியவில்லை என்றால் பார்த்துக்கொள். இசக்கி, “யோசிச்சுச் சொல்லுதேன்” என்றான். முன்பெல்லாம் அவன் அப்படிச் சொன்னதே இல்லை.

அடுத்த வாரமே ஸ்டேஷனிலிருந்து ஒரு பேச்சு வந்தது, இசக்கியைத் ‘தடிபார்’ செய்யப் போகிறார்கள் என்று. உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை; உன்னைத் தன் வீட்டில் தங்கவைத்து, பக்கத்திலிருந்து இதைப் படிக்கும் உன் அம்மாவின் தங்கைக்காகச் சொல்கிறேன், ஊர் எல்லைக்கு வெளியே அனுப்பிவிடுவது. பெண்டாட்டி பிள்ளை இங்கே, ஆள் அங்கே. நாங்கள் பயந்ததற்குக் காரணம் மாடசாமி. அவனும் நம் சந்துப் பையன். குழாயடிச் சண்டையில் ஒருவன் மண்டையை உடைத்தான், உண்மைதான், அதற்குத் தண்டனையும் அனுபவித்தான். ஆனால் அதோடு முடியவில்லை. ‘ஆபத்தான ஆள்’ என்று முத்திரை குத்தி வெளியே அனுப்பினார்கள். கிழக்கே உள்ள பெரிய கழிமுகத்துக்கு அக்கரையில் ஐரோலி பக்கம் மீன்காரர்களிடம் ஒண்டிக்கொண்டு, இக்கரை விளக்குகளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நாள் இருந்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேட்டதும் ஒளிந்து திரும்பி வந்தான். ஒளிந்து வந்தவனுக்கு யார் இடம் கொடுப்பார்கள்? ஒளிக்க வேண்டியது உள்ளவர்கள்தான் கொடுப்பார்கள். இன்றைக்கு மாடசாமி பெயரைச் சொன்னால் நான் கூடக் குரலைத் தாழ்த்துகிறேன். நான் குரலைத் தாழ்த்துகிறேன் என்றால் எப்பேர்ப்பட்ட ஆள் என்று நீயே ஊகித்துக்கொள். ஒரு மண்டையை உடைத்தவனை எடுத்து, பத்து மண்டையை உடைக்க ஆள் வைத்திருக்கிறவனாக ஆக்கி அனுப்பினார்கள். அரசாங்கம் நடத்தும் தொழிற்சாலைகளில் அது ஒன்றுதான் நஷ்டமில்லாமல் ஓடுகிறது.

இனி, குழாய்க் காண்டம். நம் சந்துக் குழாயைச் சுற்றி இரும்புப் பெட்டி செய்து பூட்டுப் போட்டிருந்தோமே, பக்கத்துச் சந்துக்காரர்கள் பிடிக்காமல் இருக்க. அதன் சாவி அண்ணாச்சியிடம் இருந்தது. விடிவதற்கு முன்னால் வந்து, வெயில் ஏறும் முன் நின்றுவிடும் தண்ணீர். அவர் வாடிக்கைக்காரர்களுக்கு முதல் குடம், மற்றவர்களுக்குக் குழாயின் ஏப்பம். தினமும் பாரத யுத்தம். குருக்ஷேத்திரத்தில் பதினெட்டு நாளில் முடித்துவிட்டார்கள்; நம் பெண்கள் அப்படி அவசரப்படுகிறவர்கள் இல்லை. சாவியை யாரிடம் கொடுப்பது என்று குழாயடியில் கூட்டம் போட்டோம். நான் எழுந்து, மூன்று கண்டங்களின் அரசர்கள் கேட்கும் குரலில், இசக்கியிடம் கொடுக்கலாம் என்றேன்.

“மாமா, ஒமக்குக் கிறுக்கு புடிச்சிட்டா?” என்றார் அண்ணாச்சி. “கள்ளன் கையிலயா சாவியக் குடுக்கது?”

“கொழாய்த் தண்ணிய அவன் திருடி எங்கவே கொண்டு விப்பான்? தாமிரவருணிக்கா?”

சிரித்தார்கள். ஆனால் யாரும் சம்மதிக்கவில்லை. அப்போது உன் அம்மா, இடுப்பில் குடத்தை மாற்றி வைத்துக்கொண்டு சொன்னாள்: “எல்லாரும் இசக்கியக் கண்டு பயப்படுதீங்கல்லா? நல்லதாப் போச்சு. வரிசையாவது நேரா நிக்கும்.”

என் இருபது வருஷ மேடைப் பேச்சை அந்த ஒரு வாக்கியம் சாப்பிட்டுவிட்டது. ஆனால் இசக்கிதான் பின்வாங்கினான். “வேண்டாம் மாமா. ஒரு கொடம் ஒடஞ்சாலும் எம்பேருதான் வரும்.” நான் அவன் தோளைப் பிடித்து, “ஏற்கனவே ஒடையாத கொடத்துக்கெல்லாம் ஒம்பேருதானல வருது. ஒடஞ்சதுக்கும் வந்தா என்ன கொறஞ்சிரும்?” என்றேன். சாவியை அரைஞாண் கயிற்றில் நானே கட்டிவிட்டு, ‘குழாய்ச் சக்கரவர்த்தி’ என்று பட்டமும் சூட்டினேன். பயம் ஒரு பத்து நாள் வேலை செய்தது. பிறகு வேலை செய்தது அவனுடைய ஏற்பாடுதான். நேற்றைக்குக் கடைசியில் நின்ற குடம் இன்றைக்கு முதலில் நிற்கும். அவ்வளவுதான். யார் வந்தாலும், யார் கெஞ்சினாலும், யார் அண்ணாச்சி கடை வாடிக்கையானாலும் அதே. பிள்ளை பெற்ற வீட்டுக்கு மட்டும் வரிசை இல்லை, அவனே கொண்டுபோய் ஊற்றிவிடுவான். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், இசக்கி என்ற பெயரோடு ஒட்டியிருந்த டியூப்பை யாரும் பேசவில்லை. “கொழாக்கார அண்ணன் வந்தாச்சா?” என்பதுதான் சந்தின் சுப்ரபாதம். அண்ணாச்சி கடை வெல்லப் பானை மூடியும் சத்தமில்லாமல் மூடப் பழகிக்கொண்டது. பகலில் அவனைத் தண்ணீர் சுமக்கப் பக்கத்து ஓட்டலிலும் கூப்பிட்டுக்கொண்டார்கள். சாராய முதலாளியின் ஆள் மறுபடி வந்தபோது, “நேரம் இல்லடே” என்று சொல்லிவிட்டான். அவன் யோக்கியன் என்பதற்காக அல்ல, உண்மையிலேயே நேரம் இல்லை.

அப்புறம் கணபதி வந்தது. நீ கல்லூரியில் என்.சி.சி. முகாமுக்குப் போயிருந்தாய், அதனால் உலக சரித்திரத்தின் மகத்தான போரைப் பார்க்கும் பாக்கியம் உனக்கு இல்லை. வழக்கம்போல் இருட்டோடு மஞ்சள் தொப்பிகள் வந்து, வழக்கம்போல் இசக்கியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பெட்டிக்குள் தண்ணீர் வரும் சத்தம் கேட்டது. பூட்டு தொங்கியது. சாவி அவன் இடுப்பில், ஸ்டேஷனில். நாற்பது குடங்களோடு பெண்கள் பெட்டியைப் பார்த்தார்கள். உன் அம்மா அவர்களைப் பார்த்தாள். “என்னத்தப் பாத்துக்கிட்டு? வாங்கட்டி!” என்றாள். சந்து ஸ்டேஷனை நோக்கி நடந்தது. நான்தான் தலைமை தாங்கினேன் என்று ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், நீயும் அப்படியே சொல். நான் உண்மையில் பின்னால் ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தூக்கிக்கொண்டு, செருப்பு அறுந்து, நொண்டிக்கொண்டு போனேன்.

ஸ்டேஷன் வாசலில் வெறுங்குடங்களை வரிசையாக வைத்தார்கள். அங்கேயும் இசக்கியின் வரிசைதான், நேற்றைய கடைசி இன்றைய முதல். இன்ஸ்பெக்டர் சாப் தூக்கக் கண்ணோடு வெளியே வந்தார், மராட்டியர், உயரமானவர். “க்யா லஃப்டா ஹை?” என்றார். என்ன ரகளை என்று. “சாவி தோ, சாப்” என்றாள் உன் அம்மா, சாவியைக் கொடுங்கள் என்று. சாவி இருக்கும் ஆள் உள்ளே இருக்கிறான், ஆள் வராமல் சாவி வராது, சாவி வராமல் தண்ணீர் வராது. பூட்டை உடைத்துக்கொள்ளுங்கள் என்றார் அவர். “உடைக்கலாம் சாப். நாளைக்கு அங்கே மண்டை உடையும். நாளைக்குக் கணபதி. நீங்கள் ஒரு ஹவல்தாரைத் தினமும் குழாயடிக்கு அனுப்புவீர்களா?” என்றாள் அவள்.

அவர் என் பக்கம் திரும்பினார்; முழுக்கால் சட்டை போட்டிருந்தவன் நான் ஒருவன்தான். இந்த ஆள் எப்படிப்பட்டவன் என்று கேட்டார். எனக்காகவே காத்திருந்த கேள்வி! இசக்கி உத்தமன், அரிச்சந்திரனுக்கு அண்ணன், அவன் நிழல் பட்டால் பாம்பு கூட விஷத்தைத் துப்பிவிட்டுக் காசிக்குப் போகும் என்று மூன்று மொழிகளைக் கலந்து ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தினார். “எல்லா தாதாவுக்கும் இப்படிச் சொல்ல இருபது பேர் வருவார்கள்” என்றார். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்போது உன் அம்மா சொன்னாள், அவளுடைய திருநெல்வேலி ஹிந்தியில்: “எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியாது சாப். என்ன செய்கிறான் என்று தெரியும். தினமும் விடிவதற்கு முன்னால் எழுந்திருக்கிறான். பெட்டியைத் திறக்கிறான். நேற்றுக் கடைசியில் நின்றவளை இன்று முதலில் விடுகிறான். பிள்ளைக்காரி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றுகிறான். பூட்டுகிறான். அவ்வளவுதான். இதில் எதற்காகப் பிடித்தீர்கள்?”

அவர் குடங்களை முதலிலிருந்து கடைசி வரை பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி ஏதோ சொன்னார். இசக்கி வந்தான், கூடவே காவலுக்கு ஒரு ஹவல்தார். யார் தெரியுமா? மீசை பறந்த அதே ஹவல்தார். குழாயடிக்கு வந்து அதிகாரமாக நின்றவரின் கையில் பிள்ளைக்காரி வீட்டுக் குடத்தைக் கொடுத்து, “வோ கர்” என்று வீட்டைக் காட்டினான் இசக்கி. அவரும் ஏதோ மேலிடத்து உத்தரவு என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு போனார்! தடிபார் பேச்சு அதன்பிறகு வரவில்லை. யார் நிறுத்தினார், எப்படி நிறுத்தினார் என்று எனக்குத் தெரியாது. என் பேச்சுத் திறமை என்று வைத்துக்கொள்.

இங்கே கதையை முடித்து மணி அடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் மாடசாமி இருக்கிறானே. அவனுக்காக ஏன் யாரும் குடத்தைத் தூக்கவில்லை? அவன் இசக்கியைவிடக் கெட்டவன் என்பதாலா? இல்லை மகனே. நம் சந்தில் இருந்தது ஒரே ஒரு குழாய். ஒரு ஆளைக் காப்பாற்றத்தான் அது போதுமானதாக இருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் நீ எழுதும் சொல்தான் தலையெழுத்து. அதனால்தான் சொல்கிறேன். பட்டியல் போடாதே என்று சொல்லவில்லை. போன மாதம் என் பித்தளைப் பம்ப்பைத் திருடினவன் கிடைத்தால் அவனை முச்சந்தியில் நிறுத்திச் சக்கரத்தில் கட்டிச் சுற்ற வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். ஆனால் ‘பம்ப்பைத் திருடினான்’ என்று எழுது. ‘திருடன்’ என்று எழுதாதே. முதலாவது ஒரு நாள் நடந்தது. இரண்டாவது அவன் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதும் கூடவே போகும். பண்டிகைக்கு முன்னால் அந்தப் பழைய ஆசாமிகளைப் பகலில், அவர்கள் வேலை செய்யும் இடத்தில், ஒரு தடவை போய்ப் பார். போன கணபதிக்கும் இந்தக் கணபதிக்கும் நடுவில் என்ன செய்தான் என்று கேள். ஒன்றும் செய்யாதவனை, ‘ஒன்றும் செய்யவில்லை’ என்றே எழுதிப் பெரியவரிடம் கொடு. அவர் கத்துவார். கத்தட்டும். என்னோடு இருபத்திரண்டு வருஷம் வாழ்ந்த உனக்குக் கத்தலா புதிது?

இப்போது, கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அது. இசக்கி வீட்டில் கதவுக்குப் பின்னால் ஒரு ஆணி உண்டு. அதில் ஒரு சட்டை தொங்கும். சட்டைப் பையில் பீடிக்கட்டு, மேலே ஒரு துண்டு. அது ஸ்டேஷனுக்குப் போகும் சட்டை. தடிபார் போய்விட்டது, ஆனால் பெயர் போகவில்லை. இன்னமும் வருஷா வருஷம் யாராவது ஒரு மஞ்சள் தொப்பி வந்து எட்டிப் பார்க்கிறது. சில வருஷம் தண்ணீர் விட்டு முடிந்த பிறகு கூட்டிப்போய் உட்காரவைத்துவிட்டு அனுப்புகிறார்கள். நாசிக்கில் பயிற்சி முடித்து நீ முதல்முதலாக யூனிஃபார்மில் வீட்டுக்கு வந்தாயே, சந்தே மாலை போட்டதே, அன்று இசக்கி சித்தப்பா மட்டும் வெளுத்த சட்டையும் தோளில் துண்டுமாக வாசலில் வந்து நின்றான். “பாருங்கப்பா, சித்தப்பா எனக்காகச் சட்டையெல்லாம் போட்டிருக்காவ!” என்று நீ சிரித்தாய். அவன் உனக்காகப் போடவில்லை ராசா. யூனிஃபார்மைப் பார்த்தான், கை தானாக ஆணிக்குப் போய்விட்டது. யூனிஃபார்முக்குள் இருப்பது டியூப்பில் தான் தள்ளிக்கொண்டு போன பையன் என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை. உன் கடிதத்தை நான் வாசித்த அன்றும், உள்ளே போய் அந்தச் சட்டையை எடுத்துச் செல்லத்தாயிடம் துவைக்கக் கொடுத்திருக்கிறான். கணபதி வரப்போகிறது அல்லவா?

ஆகவே இந்த சாம்ராஜ்யத்தின் கடைசி ஆணை இது. கணபதிக்கு முன்னால் ஒரு நாள் லீவு போட்டு வா. யூனிஃபார்மிலேயே வா, தொப்பியோடு. இருட்டோடு எழுந்து அம்மாவின் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய் வரிசையில் நில். சப்-இன்ஸ்பெக்டர் என்று முன்னால் போகாதே, புதிதாக வந்தவனுக்குக் கடைசி இடம்தான். உன்னைக் கண்டதும் அவன் கை வீட்டுப் பக்கம் திரும்பும். அப்போது நீ ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்கு நான் எந்த அலங்காரமும் செய்துகொடுக்கப் போவதில்லை.

“சித்தப்பா, சட்டை வேண்டாம். சாவிய எடுங்க.”

இப்படிக்கு, கருவாடு கருகிவிட்டதாக உள்ளிருந்து வரும் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லப் போகும்,
உன் அப்பா